இடம் பார்க்கிறவள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே,

உங்களுக்கு என் அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, "இவங்க பார்த்த இடத்தில் இதுவரை ஒரு குறைகூட வந்ததில்லை" என்று ஒருவர் மைக்கில் பேசினார். மேடையில் உட்கார்ந்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பேச்சை நம்பி நீங்கள் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலை என்னவோ எளிதுதான். கல்லூரிப் பிள்ளைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் இரண்டு நாள் வெளியில் தங்கவைத்துக் கூட்டிவருகிறோம். எங்கே கூடாரம் அடிக்கலாம் என்று முன்னதாகப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் ஆபீஸ். மேற்கே போனால் செஞ்சிப் பக்கத்துக் காடு, தெற்கே போனால் தென்பெண்ணை, கிழக்கே போனால் மரக்காணம் கடல். "காடு, ஆறு, கடல், மூன்றும் உங்களுக்காக" என்று நம் விளம்பரத்தில் போட்டிருக்கும். முதல்முறை நான் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து, "மிஸ், ஆறு எங்க மிஸ்?" என்று கேட்டார்கள். "நீங்க நின்னுக்கினு இருக்கறதுதாம்மா ஆறு" என்றேன். சுற்றிலும் மணல். வைகாசி மாதத்தில் வேறு என்ன இருக்கும்?

அதைவிட 'இடம்' என்கிற வார்த்தையால் நான் பட்ட பாடு பெரிது. நம் பக்கத்தில் இடம் பார்ப்பது என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று மனை வாங்குவது. இன்னொன்று பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் தேடுவது. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இது உறைக்கவில்லை. கெடார் பக்கம் காட்டை ஒட்டி ஒரு மாந்தோப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு, தோப்புக்காரர் வீட்டுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு இடம் பார்க்க வர்றோம்" என்றேன். "தாராளமா வாங்க" என்றார் அந்த வீட்டம்மா. மறுநாள் போனால் வாசலில் பெரிய கோலம். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. நல்ல மரியாதை தெரிந்த குடும்பம் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் கேசரி வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். "பையன் வர்லீங்களா?" என்று அந்த அம்மா கேட்டபோது என் வாயில் பாதி பஜ்ஜி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்றிலிருந்து போனை எடுத்ததும் முதலில் "டென்ட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொல்வேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்புகள். நான் சொல்ல வந்தது வேறு ஒன்று.

மரக்காணத்துக்குப் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பைப் பார்த்து மயங்கிப்போனேன். உள்ளே போனால் வெயிலே தெரியாது. காற்று அடித்தால் கடல் பக்கத்தில் இருப்பது போல ஓசை. தோப்புக்காரரிடம் எல்லாம் கேட்டேன். பாம்பு உண்டா, குடிதண்ணீர் எங்கே, கழிவறைக்கு எங்கே தடுப்புக் கட்டலாம், செல்போனில் சிக்னல் கிடைக்குமா, ராத்திரியில் குடிக்கிறவர்கள் வருவார்களா. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பெண்கள் கல்லூரி ஒன்று சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. இடத்தை முடிவுசெய்துவிட்டுத் திரும்பினேன்.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு பஸ் நிறையப் பெண்களோடும் அவர்களுடைய பேராசிரியையோடும் அங்கே போய் இறங்கினேன். தோப்பைக் காணோம். ஒரு மரம்கூட இல்லை. தரை முழுக்க வெட்டிய அடிக்கட்டைகள். அவற்றின் நடுவே தோப்புக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றார்.

"இன்னாங்க இது, மரமெல்லாம் எங்க?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"போன வாரம் வெட்டுக்கு வுட்டுட்டேங்க. நல்ல வெல வந்துச்சு."

"அப்ப எங்களுக்கு?"

"எடம் அங்கியேதான இருக்குது மேடம்? நீங்க எடத்தத்தான பாத்தீங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார். மரம் மறைக்காமல் கூடாரம் அடிக்க வசதியாக இருக்கும் என்றுகூடச் சொன்னார். சவுக்கு என்பது நெல்லைப் போல ஒரு பயிர், வளர்ந்தால் வெட்டிவிடுவார்கள் என்பது திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கேட்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. பேராசிரியை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார், அடிக்கட்டைகளை ஒருமுறை பார்த்தார். "காடு, ஆறு, கடல்னு போட்டிருந்தீங்களே" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் ஆகிவிட்டது. மேற்கில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. தோப்புக்காரருக்கு அப்போதுதான் என் நிலைமை புரிந்தது. நல்ல மனிதர், பதறிவிட்டார். "எங்க ஊர்ல எடம் இருக்குது மேடம், எங்க மச்சான்தான் தலைவரு, இப்பவே சொல்லிடறேன்" என்று போன் போட்டார். "மச்சான், முகாம் ஒண்ணு வருது, எடம் குடுக்கணும், ரெண்டு பஸ்ஸு, ஜல்தி" என்று அவர் சத்தமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன்.

பிள்ளைகளே, முகாம் என்றால் உங்களுக்கும் எனக்கும் கூடாரம். ஊருக்கு அப்படி இல்லை. முகாம் என்றால் கண் பார்க்கிற முகாம், மாட்டுக்கு ஊசி போடுகிற முகாம், பட்டா முகாம், முதியோர் பணத்துக்கு மனு வாங்குகிற முகாம். ரெண்டு பஸ் நிறைய ஆள் வருகிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய முகாமாக இருக்கும்? நாங்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

பஸ் நின்ற இடத்தில் ஊரே நின்றது. மேசை போட்டு, துணி விரித்து, எனக்குத் தண்ணீர் பாட்டில்கூட வைத்திருந்தார்கள். வரிசையில் ஆடுகள், ஒரு சினைப்பசு, நாயை இடுக்கிக்கொண்டு ஒருவர், கையில் மனுவோடு நிறையப் பேர். நான் இறங்கியதும் ஒரு பெரியவர் வந்து இமையை விரலால் தூக்கிக் கண்ணைக் காட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் உற்றுப் பார்த்தேன். "பூ வுழுந்திருக்குதாம்மா?" என்றார். எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். "அப்ப ஊசி கெடையாதா?" என்று ஆட்டுக்காரர் கேட்டார். "இல்லீங்க, இவங்க டென்ட்டு போட்டுப் படுத்துக்குவாங்க, காலைல போய்டுவாங்க" என்றேன். "வூடு இல்லியா அதுங்களுக்கு?" என்றார் ஓர் அம்மா, பஸ் ஜன்னலில் தெரிந்த முகங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். என் மானம் போவதற்கு அன்று இன்னும் மிச்சம் இருந்தது.

தலைவர் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். பாதிக் கூட்டம் பின்னால் வந்தது. கரைக்குக் கீழே பச்சைப்பசேல் என்று ஒரு வெளி. சமமான தரை, ஒரு பக்கம் வேலிகாத்தான் புதர், மறுபக்கம் வயல். பேராசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது ரொம்ப அழகா இருக்கே, இங்கயே போட்டுடலாம்" என்று போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

சவுக்குத் தோப்பில் போன மரியாதையைத் திரும்ப வாங்க இதைவிட நல்ல சமயம் வராது என்று எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினேன்.

"வேண்டாம் மேடம். பாருங்க, இது புல்லு இல்ல, கோரை. அடியில எப்பவும் ஈரம் இருந்தாத்தான் கோரை வரும். இதோ நண்டு வளை. அந்தப் புதர்ல பாருங்க, இடுப்பு உயரத்துல வைக்கோலும் பிளாஸ்டிக்கும் மாட்டியிருக்கு. அதுவரைக்கும் தண்ணி வந்திருக்குன்னு அர்த்தம். நேரா எதிர்ல ஏரியோட மதகு. மழை புடிச்சா பாம்பு, தேளு எல்லாம் மேட்டைத் தேடி நம்ம மேலதான் ஏறும். இங்க ஒரு ராத்திரிகூட மனுசங்க படுக்க முடியாது."

பேராசிரியை வாயைப் பிளந்து கேட்டார். தலைவரும் தலையாட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாங்க இங்கதாங்க படுத்துக்கினு இருக்கறோம்."

திரும்பினேன். கையில் மனுவோடு ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். நான் கை நீட்டிக் காட்டிய அதே வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் ஒரு பத்துப் பன்னிரண்டு குடிசைகள், தார்ப்பாய் போட்ட கூரைகள். அடுப்புப் புகைகூட வந்துகொண்டிருந்தது. நான் நண்டு வளையைப் பார்த்தேன், புதரில் மாட்டிய பிளாஸ்டிக்கைப் பார்த்தேன், கூரையைப் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்தப் பெண் என்னை விடவில்லை.

"இன்னொரு தபா சொல்லுங்க மேடம்."

"என்னம்மா?"

"அந்த நண்டு, கோரை எல்லாம் சொன்னீங்களே, அத்த இன்னொரு தபா சொல்லுங்க. எத்தினியோ பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. தண்ணி வருதுங்கன்னு நாங்க சொன்னா, இத்தினி வருசமா இருக்கறீங்களேன்றாங்க. நாங்க சொன்னா கத, நீங்க சொன்னா செய்தி."

அவள் பெயர் லூர்துமேரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் நடவு நடவும் போகிற கூலிக் குடும்பங்கள் அவர்களுடையவை. சொந்தமாக ஒரு கையகல நிலம் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், வடிந்ததும் திரும்பி வருவார்கள். வீட்டுமனை கேட்டுத்தான் மனு. பட்டா முகாம் என்று நினைத்து என்னிடம் கொடுக்க வந்திருக்கிறாள்.

அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்தோம். மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். லூர்துமேரியும் மற்றவர்களும், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. கல்லூரிப் பெண்கள் பாயை நகர்த்தி இடம் விட்டார்கள். எல்லோரும் சேர்ந்து படுத்துக்கொண்டார்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் ஒரு புகாரும் சொல்லாமல் திரும்பிப் போன ஒரே இடம், நான் முன்னதாகப் போய்ப் பார்க்காத அந்த இடம்தான்.

காலையில் பஸ் ஏறும்போது லூர்துமேரி வந்தாள். "திங்கக்கெழம விழுப்புரத்துல மனு குடுக்கப் போறோம். நீங்க கூட வந்து சொல்றீங்களா?"

என் முதலாளிதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு ஒரே கட்டளை: "ஊர்ல எடம் கேளு, ஊர் விவகாரத்துல தலையக் குடுக்காதே." அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்களுக்கு நம்மேல் ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் அடுத்த முறை ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடைக்காது. அவரிடம் போய்க் கேட்டேன். "லீவு போட்டுட்டுப் போ. கம்பெனி டி-ஷர்ட்டப் போட்டுக்கினு போய்த் தொலைக்காதே" என்றார். அதற்கு மேல் ஒரு முதலாளியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

விழுப்புரத்தில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"எடம் பாக்கறவ சார்" என்றேன்.

"புரோக்கரா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இல்ல சார், டென்ட்டு" என்றேன். பழக்க தோஷம். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கோரையையும் நண்டையும் புதரில் மாட்டிய வைக்கோலையும் மதகையும் சொன்னேன். எங்கள் பிள்ளைகளை ஒரு ராத்திரி படுக்கவைக்க நான் சம்மதிக்காத இடம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நேர்ல வந்து பாக்கச் சொல்றேன்" என்றார். அதைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. லூர்துமேரி விடாமல் நடந்தாள். பல திங்கட்கிழமைகளில் வேலைக் கூலியை விட்டுவிட்டு நடந்தாள். நான் சில முறைதான் கூடப் போனேன்.

கடைசியில் ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது. "மேடம், ரோட்டோரமா எடம் காட்றாங்களாம். சர்வேயர் வர்றாரு. நீங்க வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க சரின்னாத்தான் நாங்க சரின்னுவோம்."

நான் அதுவரை பார்த்த இடமெல்லாம் இரண்டு நாளுக்கு. தப்பாகப் போனால் கூடாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். இது அப்படியா? ஒரு முழுத் தோப்பைத் தொலைத்தவளை நம்பி ஆயுசுக்கும் வீடு கட்டப் போகிறார்கள். வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையாகவே பயந்தேன்.

இடம் நல்ல இடம். மேட்டு நிலம், செம்மண், பக்கத்தில் ரோடு. ஒரு சுற்று நடந்தேன். மறுபடியும் நடந்தேன். தெற்குக் கோடியில் மட்டும் தரை லேசாக இறங்கியது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மழைத் தண்ணீர் ஓடிய தடம் எல்லாப் பக்கமிருந்தும் அங்கேதான் போய் முடிந்தது. கடைசி இரண்டு மனைகள் அதற்குள் வந்தன.

சர்வேயர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "ஜல்தி சொல்லுங்கம்மா, இன்னும் ரெண்டு ஊரு போகணும்." லூர்துமேரியின் கொழுந்தன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நல்ல எடம்னு சொல்லிடுங்க மேடம். எதனா கொற சொன்னா கெடச்சதும் பூடும்" என்றார். அவர் பயமும் நியாயமானதுதான். இதை விட்டால் இன்னும் எத்தனை மழைக்காலம் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது? சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எடம் நல்ல எடங்க" என்றேன். "அந்தக் கோடி மட்டும் வேணாம். மழ வந்தா அங்க தண்ணி நிக்கும்."

சர்வேயர் முகம் சுளித்தார். "மேட்டுப் பக்கம் குடுத்த அளவத் தாண்ட முடியாதும்மா. அந்தக் கோடிய வுட்டா எல்லாரு மனையும் சின்னதாயிடும். பரவால்லியா?"

கூட்டத்தில் சலசலப்பு. கொழுந்தன் கோபமாக, "இருக்கறதே தம்மாத்துண்டு. அதுலயும் கொறச்சிக்கினா மாடு எங்க கட்றது?" என்றார். இன்னும் இரண்டு பேர் அவர் பக்கம் பேசினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யாருடைய வாசல் குறைய வேண்டும் என்று சொல்ல நான் யார்?

லூர்துமேரிதான் பேசினாள். "அந்தக் கோடி யாருக்கு வுழும்னு யாருக்குனா தெரியுமா? எனக்கு வுழலாம், ஒனக்கு வுழலாம். யாருக்கு வுழுந்தாலும் அந்த ரெண்டு வூட்டுப் புள்ளைங்க மட்டும் மழ வந்தா தண்ணில நிக்கணும், நாம மேல நின்னு பாத்துக்கினு இருக்கணுமா? நம்மாள முடியுமா?"

கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, அளங்க சார்" என்றார். சர்வேயர் முணுமுணுத்துக்கொண்டேதான் சங்கிலியை மறுபடியும் பிடித்தார். ஆனால் ஒழுங்காக அளந்தார். தெற்குக் கோடி பொது இடமாக நின்றது.

பிள்ளைகளே, பாடம் என்று ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கோரை, நண்டு, மதகு எல்லாம் நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஒரு இடத்தை ஆகாது என்று சொல்வதற்கு முன்னால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இருந்தால், ஆகாது என்பதை அவர்கள் சொல்லச் சொல்கிற இடத்திலும் போய்ச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் அது வெறும் வாய்ச்சவடால். அன்று ஏரிக்கரையில் நான் செய்தது அதுதான்.

அவர்கள் வீடு கட்டிக் குடிவந்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். ஐப்பசியில் மழை ஆரம்பித்து விடாமல் பெய்தது. டிவியில் எங்கெங்கோ ரோட்டில் தண்ணீர் ஓடுவதைக் காட்டினார்கள். போன் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பார்த்தது சரிதானா, அந்தச் சரிவு நான் நினைத்ததைவிட மேலே வரைக்கும் போகுமா, கடைசியில் இருக்கிற வீடு யாருடையது என்று யோசித்தபடி சோறு இறங்காமல் கிடந்தேன். அடுத்த நாள் மத்தியானம் லூர்துமேரியே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"யக்கா, தண்ணி வந்துடுச்சிக்கா."

"எங்க வந்துச்சு?"

"நீ சொன்ன எடத்துலதான். முட்டி வரைக்கும் நிக்குது. புள்ளைங்க பூரா உள்ள எறங்கி ஆட்டம் போட்டுக்கினு இருக்குதுங்க, எத்தினி தபா கூப்புட்டாலும் ஏற மாட்டேன்னுதுங்க."

"வூட்டுக்குள்ள?"

"வூட்டுக்குள்ள நான் உக்காந்து சோறு துன்னுக்கினு இருக்கறேன்."

நான் அழுதுவிட்டேன். அது அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யக்கா, லைன்ல இருக்கறியா? கரண்ட்டுக் கம்பம் நடணுமாம். எடம் பாக்கணும். மழ வுட்டதும் ஜல்தி கௌம்பி வா."